முன்மாதிரித் தாயும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கும்

என் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. புதன்கிழமை காலை அரசாங்கம் அவளை மாகாணத்தின் முன்மாதிரித் தாயாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டுமே நல்ல செய்திகள். ஒரே வாரத்தில் வந்ததுதான் கோளாறு.

எகிப்தில் மார்ச் பிறந்தால் அன்னையர் நாள் காய்ச்சல் தொடங்கிவிடும். துணிக்கடைக்காரர்கள் தாயின் காலடியில் தள்ளுபடி போடுவார்கள். ஊருக்கு ஒரு தாயைப் பிடித்து மேடையேற்றி அழவைப்பார்கள். எங்கள் மாகாணத்தில் இதற்கென்றே முன்மாதிரி மனிதர்கள் இயக்ககம் என்று ஒன்று இருக்கிறது. முன்மாதிரி ஆசிரியர், முன்மாதிரி விவசாயி, முன்மாதிரிப் போக்குவரத்துக் காவலர் எல்லோரும் அங்கேதான் தயாராகிறார்கள். தயாரானபின் அவர்களை யாரும் எங்கும் பார்த்ததில்லை.

அம்மாவின் பெயர் இன்ஸாஃப். அப்பா ஃபத்ஹி மூன்று சக்கர வண்டியில் சமையல் வாயு சிலிண்டர் விற்றவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஆஸ்பத்திரி நடைவழியில், ஒரு படுக்கை காலியாவதற்காகக் காத்திருந்தபோதே இறந்துபோனார். துக்கம் முடிந்த மறுநாள் அம்மா அந்த வண்டியைக் கிளப்பினாள். ஸ்பானரால் சிலிண்டரைத் தட்டித் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டே தெருத்தெருவாகப் போனாள். முதல் வாரம் தெரு சிரித்தது. இரண்டாவது வாரம் சிலிண்டர் வாங்கியது. அதன்பிறகு எங்கள் பேட்டையில் எந்த ஆண்பிள்ளை காலை பத்து மணி வரை தூங்கினாலும், "எழுந்திருடா, இன்ஸாஃப் நாலாவது மாடிக்கு சிலிண்டர் ஏத்திட்டு இறங்கிட்டா" என்பதுதான் சுப்ரபாதம். அந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் என்னைக் கண்டால் பிடிக்காது.

உஸ்தா பரகாத் எங்கள் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்; உஸ்தா என்பது தொழில் தெரிந்தவரைக் கூப்பிடும் மரியாதைச் சொல். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, நாற்காலியில் உட்காரும்போதுகூட அதற்கு வலிக்குமோ என்று யோசித்து உட்காருபவர். எங்கள் ஃப்ரிட்ஜைச் சரிசெய்ய வந்தவர் வந்துகொண்டே இருந்தார். அம்மா ஒவ்வொரு முறையும் முலூகியாக் கீரையும் சோறும் போட்டாள். என் தங்கை நிஸ்மாதான் கண்டுபிடித்தாள்: "அண்ணா, அவர் ஒரே ஸ்க்ரூவைத்தான் கழட்டிக் கழட்டி மாட்டுறார்."

ஒருநாள் அவர் என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போனார்.

"நாதிர், வீட்டுக்கு ஆம்பளை நீதான். உங்கிட்டதான் கேக்கணும்."

"ஃப்ரிட்ஜ் பத்தியா உஸ்தா?"

"ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. மூணு மாசமா நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் கழுத்து வரை சிவந்துபோய் நின்றார். நான் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்துவிட்டு, "அந்த மனுஷனை ஏன் படியிலேயே நிக்க வச்சிருக்க?" என்றாள். எங்கள் வீட்டில் சம்மதம் இப்படித்தான் தெரிவிக்கப்படும்.

விஷயம் எங்கள் நான்கு பேருக்குள் இருந்தது. அதே மாதத்தில், கீழ்வீட்டு உம்மு ஆத்திஃப், அதாவது ஆத்திஃபின் அம்மா, தெருவையெல்லாம் கூட்டி, அம்மாவின் பெயரை இயக்ககத்துக்கு அனுப்பிவைத்ததும் நடந்தது. இரண்டுமே அன்பினால் நடந்தவை. அன்பு ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

புதன்கிழமை இயக்குநர் மேடம் இக்பால் நேரிலேயே வந்தார். எங்கள் சந்தில் சாக்கடை பல வருடங்களாகப் பொங்கி வழிவதால் கார் உள்ளே வரவில்லை. செங்கல் செங்கலாகத் தாண்டி, ஒரு புகைப்படக்காரரோடும், உளவியல் ஆலோசகர் என்று அறிமுகம் செய்யப்பட்ட ஒருவரோடும் மாடியேறினார். ஆலோசகரின் வேலை தலையாட்டுவது. நன்றாகச் செய்தார்.

"ஹஜ்ஜா இன்ஸாஃப்," என்று தொடங்கினார் மேடம் இக்பால். அம்மா ஹஜ் போனதில்லை. "வாழ்த்துகள். மதிப்பெண்ல நீங்கதான் முதல். சில விவரம் மட்டும் சரிபாக்கணும். கணவர் போனதும் ரொம்ப அழுதீங்களா?"

"அழுதேன். அப்புறம் வண்டிக்கு பெட்ரோல் போடப் போயிட்டேன்."

"பெட்ரோல் வேண்டாம். அழுதாங்கன்னு மட்டும் எழுதிக்கோ," என்றார் ஆலோசகரிடம். "பிள்ளைங்க படிப்புக்காக நகையை வித்தீங்க இல்லையா?"

"வித்தேன். போன வருஷம் திரும்ப வாங்கிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்."

மேடம் இக்பால் பேனாவை மூடினார். "ஹஜ்ஜா, நல்லது வேணும்னே சொல்றேன். திரும்ப வாங்கினத மேடையில சொல்லாதீங்க. வித்ததுல நின்னாத்தான் மக்கள் மனசு இளகும்."

"கையில இருக்கே மேடம். எல்லாரும் பாக்கிறாங்க."

"மேடையில கழட்டிடலாம். சரி, இத்தனை வருஷத்துல எத்தனை பேர் உங்களைப் பெண் கேட்டு வந்து, நீங்க திருப்பி அனுப்பியிருப்பீங்க?"

"யாரும் கேட்கல."

"பலரைத் திருப்பி அனுப்பினாங்கன்னு எழுதிக்கோ."

"இப்பத்தான் ஒருத்தர் கேட்டார்," என்றாள் அம்மா, எதையும் மறைக்கத் தெரியாதவளாய். "வெள்ளிக்கிழமை நிக்காஹ். நீங்களும் வரணும்."

ஆலோசகர் முதல்முறையாகத் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"ஹஜ்ஜா," என்றார் மேடம் இக்பால், நோயாளியிடம் பேசும் குரலில், "நெடுஞ்சாலையில உங்க படம் மாட்டியாச்சு. பாக்கலையா? 'வாழ்வைப் பிள்ளைகளுக்கே அர்ப்பணித்தவள், மறுமணம் என்ற சொல்லையே அறியாதவள்.' எட்டு மீட்டர் உயரம்."

"என்னைக் கேட்காம எப்படி…"

"தியாகம் பண்றவங்களை யாரும் கேட்டுட்டுப் பண்ண வைக்கிறதில்ல. தனிப்பட்ட முறையில நான் மறுமணத்துக்கு எதிரி கிடையாது. நானே மூணு தடவை பண்ணியிருக்கேன். ஆனா நான் முன்மாதிரி இல்லையே, இயக்குநர்தானே! ஒரே ஒரு வருஷம். அடுத்த அன்னையர் நாள்ல பதவியை இன்னொருத்திகிட்ட குடுத்துட்டு, யாரை வேணா கட்டிக்குங்க."

"எனக்கு இந்தப் பதவி வேண்டாம் மேடம். வேற யாருக்காவது குடுத்திடுங்க."

மேடம் இக்பால் எழுந்து ஜன்னல் வழியே சந்தைப் பார்த்தார். "முன்மாதிரித் தாய் இருக்கிற தெருவுக்குப் புது சாக்கடைக் குழாய் போடுறது வழக்கம். நாளைக்குத் தோண்ட ஆள் வருது. சரி, வராம நிறுத்திடறேன். உங்க தெரு ஆளுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அம்மா மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் உண்மையிலேயே இயந்திரம் வந்தது. சந்தின் தொடக்கத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தது. தெருவே பால்கனியில் நின்று குலவையிட்டது. உம்மு ஆத்திஃப் மாடியேறி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உம்மு நாதிர், என் மருமக மூணு தடவை வழுக்கி விழுந்தா இந்தச் சாக்கடையில. உன்னாலதான் விடிவு. நீ நல்லாயிருக்கணும்!"

அம்மா உம்மு ஆத்திஃபுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

நிக்காஹ் வெள்ளிக்கிழமையே நடந்தது. பக்கத்து ஊரில், உஸ்தா பரகாத்தின் அக்கா வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. குலவை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட அக்காவின் கணவர், "ஊருக்குத் தெரியணும்னுதானே நிக்காஹ்?" என்று கேட்டார். உஸ்தா பரகாத் தலை குனிந்தார்.

"ஒரு வருஷம்தான்," என்றாள் அம்மா. "ஒரு சாக்கடை முடியுற வரைக்கும்."

"நான் திருடலையே இன்ஸாஃப்," என்றார் அவர் மெதுவாக. "அப்புறம் ஏன் எனக்கு அப்படி இருக்கு?"

அன்றிலிருந்து அவர் தன் மனைவியின் வீட்டுக்குப் பெட்டியில் ஸ்பானர்களோடு வந்தார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்ற பெயரில் மதியச் சாப்பாட்டுக்கு வருவார், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கிளம்புவார். படியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் அவருக்காக வருத்தப்பட்டார்கள். "பாவம், அந்த ஃப்ரிட்ஜுக்கு உயிர் போயிடுச்சு உஸ்தா, விட்ருங்க" என்றார் மூன்றாவது மாடிக்காரர். "முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன்," என்பார் உஸ்தா. அவருடைய தொழில் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஃப்ரிட்ஜைச் சரிசெய்யத் தெரியாதவர் என்று இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

அன்னையர் நாள் விழா நகர விளையாட்டரங்கில் நடந்தது. அம்மாவின் வளையல்களை மேடைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி கழற்றி ரசீது இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். மேடம் இக்பால் பேசியதை நான் இன்னமும் வார்த்தை பிசகாமல் சொல்வேன்.

"நாட்டுக்கு ஆஸ்பத்திரி வேணும், பென்ஷன் வேணும், பாதாள சாக்கடை வேணும்னு சிலர் கூச்சல் போடுறாங்க. நான் அவங்களைக் கேக்குறேன். இன்ஸாஃபின் கணவர் ஆஸ்பத்திரியில படுக்கை கிடைக்காம இறந்தார். அன்னிக்குப் படுக்கை கிடைச்சிருந்தா? இன்னிக்கு இப்படி ஒரு தாய் நமக்குக் கிடைச்சிருப்பாங்களா? அவங்களுக்கு அரசாங்கம் ஒரு காசு குடுத்ததா? குடுக்கல! குடுத்திருந்தா அவங்களைக் கெடுத்திருப்போம். பெருமையோட சொல்றேன், இந்த மேடையில நிக்கிற ஒவ்வொரு முன்மாதிரிக்குப் பின்னாலயும் நாங்க செய்யாம விட்ட ஒரு வேலை இருக்கு!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எழுந்து நின்றதால் நானும் நின்றேன். உட்கார்ந்திருந்தால் மேடை தெரியாது.

பரிசு அறிவிக்கப்பட்டது. வெள்ளைத் துணியை விலக்கினார்கள். புத்தம்புது ஃப்ரிட்ஜ். இரட்டைக் கதவு. பத்து வருட உத்தரவாதம்.

நிஸ்மா என் கையைக் கிள்ளினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உஸ்தா பரகாத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பழைய ஃப்ரிட்ஜை இயக்ககத்தின் லாரியே வந்து எடுத்துப் போய்விட்டது, முன்மாதிரி நினைவகத்துக்காக.

ஆகவே உஸ்தா பரகாத் ஐம்பத்து நான்காவது வயதில் குழாய் வேலைக்கு மாறினார். அதைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாததால் எங்கள் சமையலறைக் குழாய் உண்மையாகவே ஒழுக ஆரம்பித்தது. வீட்டில் நடந்த ஒரே நேர்மையான விஷயம் அதுதான்.

அம்மாவைப் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப் போனார்கள். இயக்ககத்தின் கார் வரும்; மேடம் இக்பால் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய உரையைச் சொல்லிக்கொடுப்பார். கல்லூரி விடுமுறை நாட்களில் நானும் போவேன். ஒரு பெண்கள் பள்ளியில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்:

"அத்தை, உங்களை மாதிரி ஆகணும்னா நான் என்ன பண்ணணும்?"

அம்மா யோசித்தாள். "மூணு சக்கர வண்டி ஓட்டக் கத்துக்கோ. பிரேக் எப்பவும் சரியா இருக்கான்னு பாரு. படியில சிலிண்டர் ஏத்தும்போது முதுகை வளைக்காதே, முட்டியை வளை."

சிறுமிகள் எல்லோரும் முட்டியை வளைத்துப் பார்த்தார்கள். அம்மா சிரித்தாள். மேடம் இக்பால் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"ஹஜ்ஜா சொல்ல வந்தது, தியாகம் பண்ணக் கத்துக்கணும்னு. எல்லாரும் சொல்லுங்க, தி-யா-கம்."

தலைமை ஆசிரியை அன்றே கட்டுரைப் போட்டி வைத்தார். தலைப்பு: 'நான் ஒரு விதவையானால்.' முதல் பரிசு வாங்கிய குழந்தைக்கு வயது பத்து.

எல்லாவற்றையும் அம்மா பொறுத்துக்கொண்டாள். அவள் கணக்கில் இது ஒரு மாடிக்கு ஏற்றவேண்டிய சிலிண்டர், அவ்வளவுதான். மேலே போனதும் இறக்கி வைத்துவிடலாம். ஷைமா வரும் வரை அப்படித்தான் இருந்தாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. உம்மு ஆத்திஃப்தான் மேலே அழைத்து வந்து, பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஷைமா அம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"உங்களை ஸ்கூல்ல பேசக் கேட்டேன். என் அக்கா பொண்ணு அங்கதான் படிக்கிறா. என் புருஷன் போய் ரெண்டு வருஷம். பேருந்து ஓட்டுற ஒருத்தர் கேட்டிருந்தார். நல்லவர்தான். குழந்தைக்குச் செருப்பெல்லாம் வாங்கிட்டு வருவார்."

"வருவாரா?" என்றாள் அம்மா. 'இப்போ வர்றதில்லையா' என்று கேட்பது போலிருந்தது.

"வேண்டாம்னுட்டேன். உங்களை நெனச்சுக்கிட்டேன். அவங்களால முடிஞ்சது என்னால முடியாதான்னு."

"மாஷா அல்லாஹ்!" என்றாள் உம்மு ஆத்திஃப்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நீ ஏம்மா அப்படிப் பண்ணே?"

"நீங்க பண்ணீங்களே."

சமையலறையில் குழாயோடு போராடிக்கொண்டிருந்த உஸ்தா பரகாத் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். உம்மு ஆத்திஃபைப் பார்த்தாள். ஷைமாவின் குழந்தை அம்மாவின் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா அந்தச் சின்னக் கையை விடுவித்து, "அவர்கிட்ட திரும்பப் பேசும்மா," என்றாள். ஷைமா சிரித்தாள். "என்னைச் சோதிக்கிறீங்க. மேடம் சொன்னாங்க, நீங்க ரொம்ப அடக்கமானவங்கன்னு."

அவள் போனபின் உஸ்தா பரகாத் ஈரக் கையோடு வந்து நின்றார்.

"நாம மறைச்சது நம்மளோட போகும்னு நெனச்சேன் இன்ஸாஃப். பாரு, அந்தக் குழந்தையோட செருப்பு வரைக்கும் போயிடுச்சு."

மறுநாள் அம்மா என்னை அழைத்துக்கொண்டு இயக்ககத்துக்குப் போனாள். நடைவழி முழுக்க முந்தைய வருடத்து முன்மாதிரிகளின் படங்கள். ஒருவர்கூட சிரிக்கவில்லை. மேடம் இக்பால் தன் மேஜைக்குப் பின்னால் பேரீச்சம்பழ பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"விலகலா? அப்படி ஒரு வழியே எங்க விதியில இல்ல ஹஜ்ஜா. போன வருஷத்து முன்மாதிரி விவசாயி நிலத்தை வித்துட்டு டாக்ஸி ஓட்டுறார். அவரே விலகல. முன்மாதிரி ஆசிரியர் பள்ளிக்கூடம் போறதே இல்ல, வீட்லயே டியூஷன். அவரும் இருக்கார். நீங்க ஏன் அவசரப்படுறீங்க?"

"மேடம், ஒரு பொண்ணு என்னைப் பாத்து, வந்த நல்ல சம்பந்தத்தை வேண்டாம்னுட்டா."

மேடம் இக்பாலின் கையிலிருந்த பிஸ்கட் அப்படியே நின்றது. கண்கள் கலங்கின. "அல்ஹம்துலில்லாஹ்! எட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நாங்க தேர்ந்தெடுத்தவங்களைப் பாத்து எதையாவது செஞ்சாங்கன்னு காட்டச் சொல்லித் தலைநகர்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. அந்தப் பொண்ணு பேர் என்ன? எழுதிக் குடுப்பாளா?"

"அவ வாழ்க்கை போயிடுச்சு மேடம்!"

"போனாத்தானே ஹஜ்ஜா அது தாக்கம்!"

அம்மா சொல்ல நினைத்ததைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, உதடு அசைந்தது. அப்போது மேடம் இக்பால், "குழாய் உங்க வீட்டு வாசலுக்கு இன்னும் முப்பது மீட்டர்தான் பாக்கி இல்லையா?" என்று பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டாள். தின்னவில்லை. வீடு வரும் வரை கையிலேயே வைத்திருந்தாள்.

மார்ச் மறுபடி பிறந்தது. குழாய் இன்னும் வரவில்லை. பள்ளம் மட்டும் வந்திருந்தது. உஸ்தா பரகாத் கொஞ்சம் தெளிந்தார். அன்னையர் நாள் முடிந்த மறுநாள் தன் துணிமணிகளைக் கொண்டுவருவதாகச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்து உட்காரப் பழகினார். அம்மா பள்ளிக்கூட உரைகளுக்கு நடுவே அவருக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தாள். பதவி இறங்கியதும் முதல் வேலையாக ஷைமா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்திருந்தார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு பிற்பகல், சொல்லாமல் கொள்ளாமல், தொலைக்காட்சிக் குழுவோடு மேடம் இக்பால் வந்துவிட்டார். உஸ்தா பரகாத் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நிஸ்மா தட்டை ஒளித்தாள். அவர் கழுவுதொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

விளக்குகளைப் பொருத்தினார்கள். அம்மாவை இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். மேடம் இக்பால் அவள் தோளில் கை வைத்தார்.

"ஹஜ்ஜா, உங்களுக்கே தெரியாத ஒரு சந்தோஷத்தை நேயர்கள் முன்னாடி சொல்லப் போறேன். உங்க சேவையைப் பாத்து உங்க பதவியை இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சிருக்காங்க! அழுங்க, கேமரா ஓடுது."

அம்மா அழவில்லை. சமையலறையில் ஏதோ இரும்பு தரையில் விழுந்து உருண்டது.

"உள்ள யாரு?" என்றாள் தொகுப்பாளினி, மெல்லிய உடம்பும் பெரிய கண்ணாடியுமாக இருந்த இளம்பெண்.

"குழாய் ரிப்பேர்க்காரர்," என்றேன்.

"அருமை! சாதாரணக் குடிமகன் குரல் ஒண்ணு வேணும்னுதான் இருந்தேன். கூப்பிடுங்க."

உஸ்தா பரகாத் வந்து நின்றார். முழங்கை நனைந்திருந்தது. மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை.

"மாமா, இந்தத் தாயைப் பாக்கும்போது உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் அம்மாவை நெடுநேரம் பார்த்தார். மனைவியை அப்படிப் பார்க்க அவருக்கு வேறு யாரும் அனுமதி தந்ததில்லை.

"களைச்சுப் போயிருக்காங்கன்னு தோணுது."

"அது இல்ல மாமா. உத்வேகம் தர்ற மாதிரி ஏதாவது?"

"வேற ஒண்ணும் தோணல மகளே."

தொகுப்பாளினி பெருமூச்சு விட்டாள். "சரி, படமாவது எடுப்போம். ரிப்பேர்க்காரர் வேலை முடிஞ்சு வெளியே போறார். ஹஜ்ஜா கதவைச் சாத்துறாங்க. ஆம்பளை வாடை இல்லாத வீடு. வசனம் வேண்டாம், கதவு மட்டும் போதும்."

அவர் கருவிப் பெட்டியோடு வெளியே போனார். படியில் நின்று திரும்பினார்.

"கட்! மாமா, நீங்க ஏன் திரும்பிப் பாக்கிறீங்க? ரிப்பேர்க்காரர் திரும்பிப் பாக்க மாட்டார்."

மறுபடி உள்ளே வந்தார். மறுபடி போனார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு பாதியில் நின்றது.

"ஹஜ்ஜா, உறுதியா சாத்துங்க," என்றார் மேடம் இக்பால். "இத்தனை வருஷ உறுதி கையில தெரியணும்."

மூன்றாவது முறை. அவர் அம்மாவைப் பார்க்காமல், கேமராவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு போனார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கதவை இழுத்தாள். டப் என்று சாத்தியது. கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். ஆலோசகர் தலையாட்டினார்.

"பிரமாதம்! மாமாவை உள்ள கூப்பிடுங்க, ஒரு தேநீர் குடிச்சிட்டுப் போகட்டும்."

அம்மா கதவைத் திறந்தாள். படியில் கருவிப் பெட்டி மட்டும் இருந்தது.

அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு வீட்டுச் செருப்போடு, தலைத்துணி பாதி நழுவியிருக்க, இறங்கி ஓடினாள். முட்டியை வளைக்கவில்லை, பிரேக் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் பால்கனிக்கு ஓடினோம்.

அவர் பள்ளத்தைத் தாண்டித் தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார்.

"பரகாத்!" என்று கத்தினாள் அம்மா. உஸ்தா இல்லாமல். எங்கள் தெருவில் ஒரு பெண் ஓர் ஆணை அப்படி வெறும் பெயரால் கூப்பிட்டால், அவன் அவளுக்கு யார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பால்கனிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஈரத் துணியைப் பிடித்தபடி உம்மு ஆத்திஃப் வெளியே வந்து, துணியைப் பிழியாமல் நின்றாள்; தண்ணீர் கீழே காய்ந்துகொண்டிருந்த சட்டைகள் மேல் சொட்டியது. "பரகாத்! சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு எங்க போறீங்க?"

தெருமுனையில் அவர் நின்றார். இன்னும் திரும்பவில்லை.

மேடம் இக்பால் என் சட்டையைப் பிடித்தார். "யாரைக் கூப்பிடுறாங்க உங்கம்மா?"

"அவங்க புருஷனை, மேடம்."

"அவங்க புருஷன்தான் இறந்துட்டாரே!"

"ஆமா மேடம்," என்றேன். "அதான் இவ்வளவு சத்தமா கூப்பிட வேண்டியிருக்கு."